ஒப்பந்தம் காணாத கோல் காவலர்: 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம்

மலேசியக் காற்பந்து வரலாற்றில் தேசியக் கோல் கம்பத்தை நீண்ட காலம் காத்து நின்ற தமிழர் ஆர். ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்றால்தான் அவரைப் பலருக்கும் தெரியும். 31.1.1953இல் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது 1972க்குப் பிறகு போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுக நகரில் பிறந்தார். 18.12.1988இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த சாலை விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 35.

தேசிய அணிக்கு ஏறக்குறைய 200 ஆட்டங்கள் ஆடியவர் அவர். அக்காலத்தில் வெளிநாட்டுக் கிளப்களுடனும் தேர்வு அணிகளுடனும் ஆடிய ஆட்டங்களும் நாட்டுக்கான ஆட்டமாகவே கணக்கில் சேர்ந்தன. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவர் ஆடியது சிறிய எண்ணிக்கை அல்ல. ஆனால் இத்தனை ஆட்டங்கள் ஆடியவர் உள்நாட்டில் ஒரு நாள்கூடத் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததில்லை. இருக்க வழியும் இல்லை. மலேசியாவில் அப்படி ஒரு லீக் அப்போது கிடையாது.

இதைப் புரிந்துகொள்ள அவருக்கு முன் தேசிய அணியின் கோல் காவலராக இருந்த சாவ் சீ கியோங்கைப் பார்க்கலாம். ஆசியாவின் தலைசிறந்த காவலர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட அவர், காற்பந்தைப் பிழைப்பாகக் கொள்ள ஹாங்காங் சென்றார். சம்பளத்திற்கு ஆடும் கிளப்கள் அங்கே இருந்தன. இங்கே இருந்தவர்கள் அரசு இலாகாவிலோ வங்கியிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். போட்டிக் காலத்தில் அலுவலகத்தில் விடுப்பு வாங்க வேண்டும். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் வென்றவரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகத்தான் வேண்டும்.

ஆறுமுகத்தின் நீண்ட கைகளும், பக்கவாட்டில் பாய்ந்து பந்தைத் தட்டிவிடும் வேகமும்தான் 'ஸ்பைடர்மேன்' என்ற பெயரை வாங்கித் தந்தன. அவர் ஆடிய காலத்துக் கோல் காவலரின் வேலையே வேறு மாதிரி. இன்று போல் தடித்த கையுறை எல்லாரிடமும் இருக்காது. மழை பெய்தால் கோல் கம்பத்தின் முன்பகுதி சேறாகிவிடும். உயரப் பந்தைப் பிடிக்க எழும்போது எதிரணி முன்னணி ஆட்டக்காரர் தோளால் இடிப்பார். நடுவர்கள் அதற்கு அவ்வளவாக விசில் ஊத மாட்டார்கள். சகாக்கள் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. எனவே அக்காலக் காவலருக்குக் கால் திறன் பெரிதாகத் தேவைப்படவில்லை. கையும் கண்ணும் துணிவும்தான் மூலதனம். அந்த மூன்றும் ஆறுமுகத்திடம் நிறைய இருந்தன.

அவர் சேர்ந்திருந்த தேசிய அணியும் சாதாரண அணி அல்ல. முன்னணியில் மொக்தார் டஹாரி, தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர் என்று ஆட்டக்காரர் பட்டியலே நாட்டின் படமாக இருந்தது. 1973, 1974, 1976 ஆண்டுகளில் மலேசியா மெர்டேக்கா கிண்ணத்தை வென்றது. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். 1975இல் கோலாலம்பூருக்கு வந்த இங்கிலாந்தின் அர்செனல் கிளப்பை 2-0 என்று வீழ்த்தியது; இரண்டு கோலும் மொக்தார் அடித்தவை. 1977இல் கோலாலம்பூரிலும் 1979இல் ஜாகர்த்தாவிலும் சீ விளையாட்டுப் போட்டித் தங்கம். ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்கு 1976, 1980 என இருமுறை தகுதி பெற்றது.

இவை அனைத்திற்கும் மேலாக நினைக்கப்படுவது 1980 ஏப்ரல் 6ஆம் தேதி. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறும் ஆட்டம். மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது. எதிரணி தென் கொரியா. ஆட்டம் 1-1 என்று இழுபறியாக நின்றபோது, கடைசி நிமிடங்களில் ஹசான் சானி தந்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். 2-1. முன்னணியினரின் அந்தக் கோலைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அது வரும்வரை ஆட்டம் கைநழுவாமல் பார்த்துக்கொண்ட கோல் காவலரும் அந்த வெற்றியின் பங்காளிதான்.

அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா தொடங்கிய புறக்கணிப்பில் மலேசிய அரசும் சேர்ந்தது. ஆட்டக்காரர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. மலேசியாவுக்குப் பதிலாக ஈராக் சென்றது; கால் இறுதி வரை முன்னேறியது. ஆறுமுகத்திற்கு அப்போது 27 வயது. கோல் காவலருக்கு நல்ல பருவம் அது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் அவர் இல்லை. 1980க்குப் பிறகோ மலேசியக் காற்பந்து அணி எந்த ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெறவே இல்லை. ஆக, ஒலிம்பிக் திடலை மிதிக்க அவருக்குக் கிடைத்தது அந்த ஒரே வாய்ப்புதான்.

மாநில அளவில் அவர் சிலாங்கூரின் காவலர். அந்தக் காலத்துச் சிலாங்கூரை வீழ்த்துவது எவருக்கும் எளிதல்ல: 1978, 1979, 1981, 1982, 1984 என்று மலேசியக் கிண்ணம் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. கெடா ரசிகர்களுக்கு அது வேறொரு நினைவு. நம் மாநிலம் 1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டத்தில் கோலாலம்பூரிடம் தோற்று, 1990இல் சிலாங்கூரை 3-1 என்று வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அதைப் பார்க்க ஆறுமுகம் உயிரோடு இல்லை.

அவர் இறந்த மறு ஆண்டு, 1989இல்தான் மலேசியாவில் பகுதி நேரத் தொழில்முறை லீக் தொடங்கியது. முழுத் தொழில்முறை 1994இல் வந்தது. சில ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால் சம்பளம், ஒப்பந்தம், ஊழியர் சேமநிதி என்று எல்லாம் அவர் பெயரில் இருந்திருக்கும். தோழர் மொக்தாரும் நரம்புத் தசை நோயால் 1991இல் 37 வயதில் காலமானார். அந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய பெயர்கள் நாற்பதைத் தொடவில்லை.

2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் 1980 அணியை இளைய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. அதில் வரும் கோல் காவலர் முத்துக்குமார் பாத்திரம் ஆறுமுகத்தை நினைவூட்டும் வகையில் அமைந்தது. படத்தில் பெயர்களும் குடும்பக் கதைகளும் கற்பனை கலந்தவை. படத்தையே வரலாறாக எடுத்துக்கொள்வது சரியல்ல. ஆனால் பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்ட வேண்டிய படம்தான்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் லயத்து வீடுகளுக்கு அருகே ஒரு திடல் இருப்பது ஒரு காலத்தில் சாதாரணம். மாலையில் பால் வெட்டும் வேலை முடித்த அப்பாக்கள் ஓரத்தில் நின்று பார்க்க, பையன்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு மாறின. திடலும் போனது. இன்று காற்பந்தில் நுழைய விரும்பும் பையனுக்குப் பயிற்சி நிலையக் கட்டணமும் வண்டிச் செலவும் முதல் கேள்வியாக நிற்கின்றன.

வந்தவர்கள் இல்லாமல் இல்லை. சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடிய கே. ராஜகோபால், பயிற்றுநராக 2009 சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010 ஏ.எப்.எப். கிண்ணத்தையும் நாட்டுக்கு வென்று தந்தார். அவர் அணியில் ஆடிய எஸ். குணாளன், நெகிரி செம்பிலான், சிலாங்கூர், ஜோகூர் டாருல் தாக்சிம் என்று ஆடி, ஆறுமுகத்துக்குக் கிடைக்காத முழுத் தொழில்முறை வாழ்க்கையை வாழ்ந்தார். 2015இல் ஜோகூர் ஏ.எப்.சி. கிண்ணத்தை வென்றபோதும் அந்த அணியில் இருந்தார்.

ஒப்பந்தம் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2023இல் சம்பளப் பாக்கிக்காகக் கெடா அணியின் புள்ளிகள் கழிக்கப்பட்டன. 2025-26 பருவத்திற்கான சூப்பர் லீக் உரிமமும் அதற்குக் கிடைக்கவில்லை.