சோக்கட்டி எடுத்த தையல்காரரும் கமக்காரரும்

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் முன்னுக்கு நிற்கும் பலர் வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள். அறிஞர் சித்திலெப்பை (1838–1898) கண்டியில் சட்டத்தரணி. 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். 1948இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு கொழும்பு ஸாஹிரா கல்லூரியின் அதிபரானார்; 1961 வரை அங்கே இருந்தார்.

இவர்களை நாம் எழுதியிருக்கிறோம். ஆனால் இதே பாதையில் வந்த வன்னி முஸ்லிம்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கு மேற்பட்டோர் அகதிகளானோம். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற எங்கட ஊர்கள் வெறுமையாகின. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினர். அங்கிருந்த பாடசாலைகளில் இத்தனை பிள்ளைகளுக்கும் இடமில்லை. பின்நேரப் பள்ளியும் கிடுகுக் கொட்டில் வகுப்பும் அப்படித்தான் வந்தன.

யார் படிப்பிப்பது? நியமனம் பெற்ற ஆசிரியர்கள் போதாது. எங்கட ஆக்களின் பிழைப்பு கமம், மாடு, கடை, மீன் யாவாரம், தையல். முகாமில் வயலுமில்லை, கடையுமில்லை. கொஞ்சம் படித்திருந்தவர்கள் தொண்டர் ஆசிரியர்களாகச் சோக்கட்டியைக் கையில் எடுத்தார்கள். எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் ஊரில் தையல் மெசின் மிதித்தவர். பின்னம் விளங்காவிட்டால் அளவு நாடாவை விரித்துக் காட்டுவார்: "இது முழம், இதில பாதி, பாதியில பாதி." கடைக் கணக்கு எழுதிய இன்னொருவர் இலாப நட்டம் சொல்லித் தந்தார். பயிற்சிக் கலாசாலைக்குப் போகாதவர்கள். ஆனால் சாமான் விற்ற கையால் வந்த கணக்கு பிள்ளைகளுக்கு லேசில் ஏறியது.

இவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நியமனம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவேயில்லை. கிடைத்தவர்களுக்கும் சேவைக்காலம் நியமனத் திகதியிலிருந்துதான். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடம் வேண்டும் என்ற விதியில், வயது போனபின் நியமனம் பெற்றவர் என்ன செய்வார்? கொட்டிலில் படிப்பித்த வருடங்கள் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். சிலர் புத்தளத்திலேயே இருந்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் அந்தத் தலைமுறை மௌத்தாகிக்கொண்டு வருகிறது. ஆய்வாளர்கள் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. பாடசாலைகளிலுள்ள சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் பழைய வரவுப் பதிவேடுகளையும் தேடிப் பார்க்கலாம். உயிரோடிருப்பவர்களிடம் மூன்று விசயம் கேட்டு எழுதினாலே போதும்: முன்பு செய்த தொழில், முதன்முதல் படிப்பிக்கத் தொடங்கிய நாள், நியமனம் கிடைத்த நாள். கடைசி இரண்டுக்கும் இடையிலுள்ள வருடங்களே அவர்கள் சமூகத்துக்குக் கூலியில்லாமல் கொடுத்தவை. அதை எண்ணி எழுதுவது அவர்களிடம் படித்த எங்கட பொறுப்பு.