ஹமில்ரன் லாம்பும் ஜாம் போத்தல் விளக்கும்

ரொறன்ரோவின் பழம்பொருட் கடைகளில் மண்ணெண்ணெய் லாம்பு கண்டால் கழற்றிப் பார்ப்பேன். சிலவற்றின் எண்ணெய்க் கிண்ணம் பக்கத்து ஹமில்ரனில், 1870களில் தொடங்கிய பேர்லிங்ரன் கண்ணாடித் தொழிற்சாலையில் செய்தது. திரியை ஏற்றி இறக்கும் பித்தளைத் தலையோ அமெரிக்காவிலிருந்து வந்தது. 1846இல் மண்ணெண்ணெயை எரித்துக் காட்டி, 'கெரோசின்' என்று பெயரும் வைத்த ஆபிரகாம் கெஸ்னர் நோவா ஸ்கோஷியாக்காரர்.

எங்கட ஊரிலும் இப்படிக் கலப்புத்தான்: எண்ணெய் வெளிநாடு, கைவேலை எங்கட. 1990 யூனில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. தடையால் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. சனம் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு, நடுவில் திரியை நிறுத்தி எரிச்சது. போத்தலே சிமினி, காற்றுக்கும் அணையாது. அந்த வெளிச்சத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் சோதனைக்குப் படிச்சவை.

ஹமில்ரன் லாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கினம். ஜாம் போத்தல் விளக்கு ஆரிட்டயாவது மிச்சமிருந்தால் எறியாதேங்கோ, சங்கத்துக்குக் கொண்டு வாங்கோ.