வயதுப் பாகுபாடு

வயதுப் பாகுபாடு என்பது, ஒருவருடைய தகுதியையும் தேவையையும் நேரில் அறிந்து மதிப்பிடாமல், அவருடைய பிராயம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு தீர்மானித்துவிடும் மனப்பான்மையும், அதனின்று பிறக்கும் நடத்தையும் ஆகும். இளையோரும் இதற்கு ஆளாவதுண்டு எனினும், இச்சொல் பெரும்பாலும் வயோதிகர்பால் காட்டப்படும் அலட்சியத்தையே குறித்து வழங்குகிறது. நிறத்தையும் குலத்தையும் பற்றிய துவேஷங்களில் இகழ்பவன் இகழப்படுவோரின் கூட்டத்தில் சேர்வதில்லை. இதிலோ, ஆயுள் மட்டும் இருக்குமாயின், அவன் அங்கே போய்ச் சேர்ந்தே தீர்கிறான்.

முதுமையை ஓர் எண்ணாக்கியவை நவீன அரசாங்கங்கள். பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி 1889 இல் இயற்றிய முதியோர் காப்புறுதிச் சட்டம் 70 வயதை எல்லையாக வைத்தது. 1916 இல் அது 65 ஆயிற்று. அமெரிக்காவின் 1935 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 65 ஐயே மேற்கொண்டது. உதவித்தொகைக்காக வகுத்த எல்லை, நாளடைவில் உழைக்கும் சக்தியின் எல்லையாகவே ஜனங்களால் கருதப்படலாயிற்று. கற்றறிந்தோரும் இந்த மயக்கத்துக்கு விலக்கல்லர். 1905 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினின்று விடைபெற்ற வைத்திய மேதை வில்லியம் ஆஸ்லர், உலகத்தின் அரிய சாதனைகளெல்லாம் 25 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே நிகழ்வன என்றும், அறுபதைக் கடந்தோரால் பயனில்லை என்றும் பிரசங்கித்து, ஆன்டனி டிரோலப்பின் நாவலொன்றைச் சுட்டி, அவர்களைக் குளோரோஃபார்ம் கொடுத்து அமைதியாக அனுப்பிவிடுவது பற்றிப் பரிகாசமும் செய்தார். பத்திரிகைகள் பரிகாசத்தை மெய்யென்றே கொண்டன. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அப்போது ஆஸ்லருக்கு வயது 55. அதன் பின்னரே அவர் ஆக்ஸ்போர்டு சென்று, 70 ஆம் வயதில் மறையும்வரை பேராசிரியராக வீற்றிருந்தார் என்பது அப்பிரசங்கத்துக்கு அவரே எழுதிய மறுப்பு எனலாம்.

இக்குற்றத்துக்குப் பெயரிட்டவர் அமெரிக்க மனநோய் வைத்தியர் ராபர்ட் பட்லர். 1927 இல் பிறந்து, நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லாந்தில் பாட்டனாரின் கோழிப் பண்ணையில் வளர்ந்த அவர், வைத்தியக் கல்லூரியில் ஆசிரியர்களே முதிய நோயாளிகளை ஏளனமாகப் பேசக் கேட்டுத் திடுக்கிட்டார். 1969 இல் வாஷிங்டன் நகரின் செவி சேஸ் பகுதியில், ஏழை முதியோரைக் குடியமர்த்த ஒரு கட்டடத்தை வாங்க அதிகாரிகள் முற்பட்டபோது, அங்கு வாழ்ந்த வசதி படைத்த வெள்ளையர் சீறி எழுந்தனர். அந்த எதிர்ப்பில் நிறமும் வர்க்கமும் கலந்திருந்தன. ஆயினும் அவ்விரண்டினாலும் விளக்கமுடியாத மூன்றாவதொன்றும் அதில் உண்டென்று கண்ட பட்லர், பின்னாளில் வாட்டர்கேட் விவகாரத்தால் புகழடைந்த கார்ல் பெர்ன்ஸ்டீன் என்னும் இளம் நிருபரிடம் உரையாடுகையில் இச்சொல்லை முதன்முதல் வழங்கினார். பட்லருடைய நூலொன்று 1976 இல் புலிட்சர் பரிசு பெற்றது.

விந்தை யாதெனில், சொல்லுக்கு முன்னரே சட்டம் பிறந்துவிட்டது. உத்தியோகத்தில் வயதின் பேரால் ஓரவஞ்சனை கூடாதென்று விதித்த 1967 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் 40 முதல் 65 வரையினரையே காத்தது. யாருக்கு அது மிகவும் வேண்டுமோ அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 1970 இல், 65 வயது நிறைந்ததற்காகத் திருச்சபைப் பணியினின்று விலக்கப்பட்ட மேகி கூன் அம்மையார் 'சாம்பல் நிறச் சிறுத்தைகள்' என்று பெயர்பெற்ற, வயதுப் பாகுபாட்டை எதிர்க்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அச்சட்டத்தின் மேல் எல்லை 1978 இல் 70 ஆக உயர்ந்து, 1986 இல் பெரும்பாலான தொழில்களில் அடியோடு நீங்கியது.

இப்பாகுபாடு எப்போதும் கடுமொழியாகவே வருவதில்லை. முதியவரிடம் மழலைமொழியில் கொஞ்சுவதும், நோயாளி எதிரே இருக்க மகனிடம் நோயை விசாரிப்பதும் இதன் இனிய வேஷங்கள். அதனினும் கொடியது, இகழப்படுவோரே இகழ்ச்சியை நம்பிவிடுவது. அமெரிக்க உளவியலாளர் பெக்கா லெவி 2002 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர் மற்றோரைவிடச் சராசரி ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது புலனாயிற்று; நம்மவர் அஞ்சும் ஏழரை அங்கே வரமாய் நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு அறிக்கை, எண்ணம், உணர்ச்சி, செயல் என்னும் மூன்றையும் உள்ளடக்கி இதனை வரையறுத்து, உலகில் இருவரில் ஒருவர் முதியோர்பால் இம்மனப்பான்மை உடையவர் என மதிப்பிட்டது.

பட்லர் 2010 ஜூலை 4 அன்று காலமானார். 83 வயதான அவர், அன்றும் தாம் நியூயார்க்கில் நிறுவிய நீடித்த ஆயுள் ஆராய்ச்சி மையத்தின் தலைவராகவே இருந்தார்.