டியூபிங்கன் கோட்டை ஆய்வகம்: புரதமும் நியூக்ளிக் அமிலமும் பிரித்தறியப்பட்ட வரலாறு

தென்மேற்கு ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் அமைந்த டியூபிங்கன் நகரின் குன்றின்மேல் ஹோஹென்டியூபிங்கன் என்னும் பழங்கோட்டை உள்ளது. வூர்ட்டம்பெர்க் ஆட்சியாளர் வசமிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக்கு வந்த இக்கோட்டையின் சமையற்கூடமும் சலவைக்கூடமும் காலப்போக்கில் வேதியியல் ஆய்வகமாயின. உடலின் வேலைகளைச் செய்யும் புரதமும், அப்புரதத்தை ஆக்கும் செய்தியைத் தலைமுறைதோறும் கடத்தும் நியூக்ளிக் அமிலமும் வெவ்வேறு பொருள்கள் என்பதற்கான முதல் வேதியியல் சான்று இக்கூடங்களில்தான் கிடைத்தது. உயிர்வேதியியல் தனித்துறையாக வேரூன்றியதில் இந்த ஆய்வகத்துக்கு உள்ள பங்கு மிகப் பெரிது.

ஆய்வகத்தின் புகழுக்குக் காரணமானவர் 1861இல் அங்கு வந்து சேர்ந்த ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர். குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒளியின் எந்தெந்த நிறங்களை உட்கொள்கிறது என்பதை ஆராய்ந்த அவர், 1864இல் அப்பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டார். புரதம் என்ற பெயர் 1838இலேயே வழக்குக்கு வந்துவிட்டபோதிலும், முட்டையின் வெண்கரு போன்ற கொழகொழப்பான பொருள்களைச் சுட்டும் பொதுப்பெயராகவே அது அன்று பெரிதும் வழங்கிவந்தது. உடலில் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் புரதம் ஒன்றைத் தூய நிலையில் பிரித்து, அதன் இயல்புகளை அளந்து காட்டலாம் என்பதற்கு ஹீமோகுளோபின் சிறந்த சான்றாயிற்று.

1868ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஃபிரீட்ரிக் மீஷர் என்ற 24 வயது இளைஞர் இந்த ஆய்வகத்துக்கு வந்தார். மருத்துவம் பயின்றிருந்தும், நோயொன்றால் செவித்திறன் குன்றியதால் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலில் அவருக்குத் தயக்கம் இருந்தது. உடற்கூறியல் அறிஞரான தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ்ஸின் அறிவுரையும் அவரை வேதியியலுக்குத் திருப்பியது. உயிரணுக்களின் வேதிச்சேர்க்கையை அறிய விரும்பிய மீஷர், அதற்கு மிக எளிய உயிரணு என்று வெள்ளையணுவைத் தேர்ந்தார். நிணநீர்க் கணுக்களிலிருந்து போதிய அளவு வெள்ளையணுக்கள் கிடைக்காமற்போகவே, அருகிலிருந்த அறுவை மருத்துவமனையில் கழித்துவிடப்பட்ட கட்டுத்துணிகளில் ஊறியிருந்த சீழை அவர் நாடினார். புண்களைக் கிருமிநீக்கம் செய்யும் முறை இன்னும் பரவாத காலமாதலால் அத்துணிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

சீழிலிருந்து உயிரணுக்களைச் சிதையாமல் பிரிக்க நீர்த்த சோடியம் சல்பேட் கரைசல் உதவியது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், குளிர்காலத் தட்பத்தில், அவ்வணுக்களைப் பல வாரங்கள் திரும்பத் திரும்பக் கழுவி, ஈதரோடு குலுக்கிக் கொழுப்பை அகற்றிய மீஷர், அணுவின் மையப் பகுதியாகிய உட்கருவைத் தனியே பெற்றார். எஞ்சி ஒட்டியிருந்த புரதங்களைச் செரித்து நீக்குவதற்குப் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்னும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், பயன்பட்டது. இத்தனைக்கும் பின் எஞ்சிய பொருள் காரத்தில் கரைந்து அமிலத்தில் வீழ்படிவானது. பெப்சினுக்கு அது கரையவில்லை. அறியப்பட்ட எந்தப் புரதத்திலும் காணாத அளவுக்குப் பாஸ்பரஸ் அதில் நிறைந்திருந்தது. உட்கருவிலிருந்து கிடைத்ததால் 1869இல் மீஷர் அதற்கு நியூக்ளின் என்று பெயர் வைத்தார்.

இளம் மாணவர் ஒருவர் புதிய பொருள் வகையையே கண்டதாகச் சொல்வதை ஹோப்பே-சைலர் எளிதில் ஏற்கவில்லை. சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து சரிபார்த்த பின்னரே, 1871இல் தமது இதழில் அக்கட்டுரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவர் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். பாசலுக்குத் திரும்பியிருந்த மீஷர், ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்தணுக்களில் ஆய்வைத் தொடர்ந்தார். கருவுறுதலுக்குக் காரணமாக ஒரே பொருளைச் சுட்டுவதானால் முதலில் எண்ணத்தக்கது நியூக்ளினே என்று 1874இல் எழுதியும், அத்துணிவில் அவர் நிலைத்து நிற்கவில்லை. 1889இல் ரிச்சர்ட் ஆல்ட்மன் புரதமற்ற தூய நிலையில் அப்பொருளைப் பெற்று நியூக்ளிக் அமிலம் என்று பெயரிட்டார். ஹோப்பே-சைலரின் மாணவர் ஆல்பிரெக்ட் கோசெல் அதிலுள்ள நைட்ரஜன் காரங்களை இனங்கண்டு 1910இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் மரபுச்செய்தியைச் சுமப்பது புரதமே என்ற நம்பிக்கை மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. புரதம் 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. டிஎன்ஏ என்னும் நியூக்ளிக் அமிலத்திலோ நான்கே வகைக் காரங்கள் உள்ளன. அந்நான்கும் சலிப்பூட்டும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதாகக் கருதப்பட்டதால், உயிர்களின் எண்ணற்ற வேறுபாடுகளை அது தாங்காது என்று அறிஞர்கள் எண்ணினர். 1944இல் நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் உடனாய்வாளர்களும், புரதத்தைச் செரிக்கும் நொதிகளால் பாக்டீரியாவின் மரபுமாற்றம் தடைபடவில்லை என்றும், டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியால் தடைபட்டது என்றும் காட்டினர். 1952இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸில் புரதத்தின் கந்தகத்தையும் டிஎன்ஏவின் பாஸ்பரஸையும் கதிரியக்கத்தால் அடையாளமிட்டு, பாக்டீரியாவுக்குள் நுழைவது பெரும்பாலும் பாஸ்பரஸே என்று நிறுவினர். நொதியால் புரதத்தை நீக்குதலும் பாஸ்பரஸால் இனங்காணுதலும் மீஷர் கையாண்ட வழிகளே.

1953இல் டிஎன்ஏவின் இரட்டைச்சுருள் அமைப்பு வெளிப்பட்ட பின், காரங்களின் வரிசை அமினோ அமிலங்களின் வரிசையை வகுக்கிறது என்பதும், அவ்வரிசைக்கேற்பச் சங்கிலி மடிந்து பெறும் வடிவமே புரதத்தின் செயலுக்கு அடிப்படை என்பதும் படிப்படியாகத் தெளிந்தன. இவ்வுறவுக்கு மிகத் தெளிவான சான்று ஹீமோகுளோபினிலிருந்தே கிடைத்தது. அரிவாளணுச் சோகை நோயில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் அமைந்திருப்பதை வெர்னன் இங்கிராம் 1957இல் கண்டறிந்தார். டிஎன்ஏவில் ஒரே ஒரு காரம் மாறுவதே அதற்குக் காரணம்.

உயிர் மூலக்கூறுகளின் வரலாற்றை 1953இலிருந்து தொடங்குவது பாடநூல்களின் பொது வழக்கம். அமைப்பைக் காண்பதற்கு முன் பொருளைத் தூய்மையாகப் பெற்றாக வேண்டும் என்பதால், அவ்வரலாற்றை டியூபிங்கன் கோட்டை ஆய்வகத்திலிருந்து தொடங்குவதே முறையாகும்.