விடியற்காலைப் பந்தயம்

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் எழுவது, பலர் ஒருங்கே புறப்பட்டு, ஒருவரையொருவர் முண்டியடித்து முந்தி, கடைசியில் எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் இரு கைகளையும் உயர்த்தும் காட்சிதான். சைக்கிள் உலகத்தில் இதற்கு நேர்விரோதமான பந்தயம் ஒன்று உண்டு. அதில் ஒரு சமயத்தில் ஒருவரே புறப்படுவார். அவர் போய் ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ கழித்து அடுத்தவர் புறப்படுவார். வரிசை தீரும்வரை இப்படியே நடக்கும். முன்னே போகிறவரை எட்டிப் பிடித்துவிட்டாலும், காற்றுக்கு ஒதுங்கி அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போவதற்கு அநுமதி இல்லை. விலகி முந்திவிட வேண்டும். யார் ஜயித்தார் என்பதைக் கண் சொல்லாது. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கடிகாரந்தான் சொல்ல வேண்டும். சைக்கிள்காரர்கள் டைம் டிரையல் என்று வழங்கும் இதை நாம் காலப் பந்தயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் காலப் பந்தயத்தில் ஸ்திரீகளுக்கு உலகப் பட்டம் என்று ஒன்று ஏற்பட்டது 1994-ஆம் ஆண்டில்தான். இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் நடந்த அந்த முதல் போட்டியில் அமெரிக்காவின் காரென் குர்ரெக் ஜயித்தார். பட்டத்தின் சரித்திரத்தை மட்டும் எழுதுவதானால் இந்த இடத்தில் தொடங்கி முப்பது வருஷத்துக் கதையைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பந்தயத்தின் சரித்திரம் அதற்குச் சரியாக நூறு வருஷங்களுக்கு முன்னால், இங்கிலாந்தின் ஒரு சாலையில், குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஒரு சீமாட்டியின் கோபத்தில் ஆரம்பமாகிறது.

1894-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், லண்டனுக்கு வடக்கே செல்லும் ராஜபாட்டையில் நார்த் ரோடு கிளப் என்னும் சங்கத்தார் ஐம்பது மைல் பந்தயம் ஒன்று நடத்தினார்கள். கூட்டமாக விரைந்து வந்த சைக்கிள்களைக் கண்டு சீமாட்டியின் குதிரை மிரண்டது. சைக்கிள்காரர்கள் சிலர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சீமாட்டி போலீஸாரிடம் முறையிட்டார். போலீஸாருக்கு ஏற்கெனவே சைக்கிள்காரர்கள்மேல் பிரியம் கிடையாது. பொதுச் சாலையில் பந்தயம் விடுவதே ஆபத்து என்ற நிலைமை உண்டாகி, சில வருஷங்களில் தேசிய சைக்கிள் சங்கமே தன் அங்கத்தினர்களுக்குச் சாலைப் பந்தயத்தைத் தடை செய்துவிட்டது. அன்று கீழே விழுந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் தாமஸ் பிட்லேக் என்பவர்தான் இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார். கூட்டமாகப் போனால்தானே பந்தயம் என்று தெரியும்? ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்பினால், அவரவர் ஏதோ சொந்த அலுவலாகப் போகிறார் என்று தானே பார்ப்பவர் எண்ணுவார்? 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி அதே நார்த் ரோடு கிளப்பார் அந்த முறையில் ஐம்பது மைல் ஓடிப் பார்த்தார்கள். காலப் பந்தயம் பிறந்தது.

பிறந்த குழந்தை வெகுகாலம் தலைமறைவாகவே வளர்ந்தது. விடியற்காலையில், பால் வண்டிகள்கூடப் புறப்படாத வேளையில் பந்தயம் தொடங்கும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை தரிக்க வேண்டும் என்பது விதி. வண்டியில் மணி கட்டாயம் இருக்க வேண்டும். எந்தச் சாலை, எந்த மைல்கல் என்று அச்சில் போட மாட்டார்கள். ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த சங்கேதப் பெயர் ஒன்றுதான் அழைப்புக் காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தின் தலைப்பிலும் ‘அந்தரங்கம்’ என்று அச்சிட்டிருக்கும். சதியாலோசனை செய்கிறவர்கள்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருப்பார்களா என்பது சந்தேகமே. போலீஸார் சீக்கிரத்திலேயே இந்த விஷயத்தை மறந்துபோனார்கள், பந்தயக்காரர்கள்தாம் மறக்கவில்லை. ஆபத்து நீங்கிய பிறகும் ஆசாரம் நிலைத்துவிடுவது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கந்தானே.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு பெண்ணின் முறையீட்டினால் பிறந்த இந்தப் பந்தயத்தின் தந்தையான பிட்லேக்குக்கு, பெண்கள் சைக்கிள் பந்தயம் ஓடுவது கொஞ்சமும் பிடிக்காது. 1893-இல் டெஸ்ஸி ரேனால்ட்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், நீண்ட பாவாடையை விட்டு முழங்காலளவு கால்சட்டை அணிந்து, பிரைட்டனிலிருந்து லண்டன் சென்று திரும்பும் தூரத்தை எட்டரை மணி நேரத்தில் கடந்தபோது, ஊர்ப் பத்திரிகைகள் அவள் வேகத்தைவிட அவள் உடையைப் பற்றியே அதிகமாக எழுதின. பிட்லேக்கும் அவர் போன்றவர்களும் பெண்மைக்கு இழுக்கு வந்துவிட்டதாகவே கருதினார்கள். அப்படியிருந்தும், பெண்களுக்கு இந்தப் பந்தயத்தைப் போல வசதியானது வேறொன்று இல்லை என்பதைக் காலம் காட்டிற்று. கூட்டப் பந்தயத்துக்குக் கூட்டம் வேண்டும், குழு வேண்டும், சாலையை மறிக்க அதிகாரிகளின் தயவு வேண்டும். காலப் பந்தயத்துக்கு ஒரு சைக்கிளும், விடியற்காலையில் எழுந்திருக்கும் வைராக்கியமும், எல்லையில் கடிகாரத்தோடு நிற்க ஒருவரும் இருந்தால் போதும். 1922-இல் ராஸ்லின் என்ற பெயரில் பெண்களே நடத்திய சைக்கிள் சங்கம் ஒன்று தோன்றியது. 1934-இல் பெண்களின் சாலைச் சாதனைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சபை ஏற்பட்டது. பிட்லேக் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். அந்த வருத்தமாவது அவருக்கு இல்லாமற் போயிற்று.

அந்தச் சபையின் ஏடுகளில் மிகவும் ஆச்சரியமான பக்கங்கள், பிரிட்டனின் தென்மேற்கு முனையான லாண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்குக் கோடியான ஜான் ஓ’குரோட்ஸ்வரை சென்றவர்களைப் பற்றியவை. அக்காலத்துப் பாதையில் தூரம் சுமார் எண்ணூற்றெழுபது மைல். யுத்தம் மூண்ட 1939-ஆம் ஆண்டில் மார்கெரிட் வில்சன் இதை 2 நாள் 22 மணி 52 நிமிஷத்தில் முடித்தார். 1954-இல் ஐலீன் ஷெரிடன் 2 நாள் 11 மணி 7 நிமிஷத்தில் முடித்துவிட்டு, அத்துடன் நில்லாமல் ஆயிரம் மைல் கணக்கையும் தீர்த்துவிடுவதென்று மேலும் ஓட்டினார். இந்த ஷெரிடன் ஐந்து அடி உயரங்கூட இல்லாதவர். அவருடைய முனைக்கு முனைச் சாதனை முப்பத்தாறு வருஷம் நிலைத்திருந்தது.

இவ்வளவும் பிரிட்டன் என்னும் ஒரு தீவுக்குள் நடந்த விஷயம். ஐரோப்பாக் கண்டத்தில் சைக்கிளின் கௌரவமெல்லாம் கூட்டப் பந்தயத்துக்கே இருந்தது. ஆண்களுக்காவது பிரான்ஸில் 1932 முதல் கிராண்ட் பிரீ தே நாஸியோன் என்ற பெரிய காலப் பந்தயம் இருந்தது; 1934 முதல் பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்திலும் ஒரு பகுதி காலப் பந்தயமாக நடந்தது. பெண்களுக்கு அதுவும் இல்லை. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் 1958-இல் பெண்களுக்கு உலகப் பட்டங்களை ஏற்படுத்தியபோது, சாலையில் கூட்டப் பந்தயத்துக்குக் கொடுத்தது; ஓடுதளத்தில் துரத்தற் பந்தயத்துக்குக் கொடுத்தது; காலப் பந்தயத்தை நினைக்கவே இல்லை. பிரான்ஸின் ரேம்ஸ் நகரில் நடந்த முதல் சாலைப் பட்டத்தை லக்ஸம்பர்க் தேசத்து எல்ஸி ஜேக்கப்ஸ் வென்றார். அதே வருஷத்தில் மிலான் நகரத்து ஓடுதளத்தில் தன்னந்தனியாக ஒரு மணி நேரம் ஓட்டி 41.347 கிலோமீட்டர் கடந்தார் அவர். பெண்கள் கடிகாரத்துக்கு முன்னால் எதைச் செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பட்டம் வருவதற்கு இன்னும் முப்பத்தாறு வருஷம் பாக்கி இருந்தது.

அந்த முப்பத்தாறு வருஷத்துக்குள் அடங்கிப்போன ஒரு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பந்தயத்தைப் பற்றி எழுத முடியாது. யார்க்ஷயரில் லீட்ஸ் நகரத்தில் 1937-இல் பிறந்த பெரில் பர்ட்டன், சிறு வயதில் வாத ஜுரத்தால் நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். சைக்கிளில் ஈடுபாடு வந்ததெல்லாம் சார்லி பர்ட்டனை மணந்த பிறகுதான். புருஷன் தன் பந்தயத்தை விட்டுவிட்டு மனைவியின் வண்டியைச் சீர்செய்வதையும் காரில் அழைத்துச் செல்வதையும் தம் உத்தியோகமாக வைத்துக்கொண்டார். ஜீவனத்துக்கு அம்மாள் ரூபார்ப் என்னும் கீரைத்தண்டு பயிராகும் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து வேலை செய்தார். பிரிட்டனில் 25, 50, 100 மைல் காலப் பந்தயங்களின் சராசரி வேகத்தைக் கூட்டிப் பார்த்து வருஷத்தின் சிறந்த பெண் பந்தயக்காரியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பட்டத்தை 1959 முதல் 1983 வரை, நடுவில் ஒரு வருஷங்கூட விடாமல், இருபத்தைந்து முறை இவரே பெற்றார். 25 மைலை ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிய முதல் பெண்ணும் இவர்தான்; அது 1963-இல்.

1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி யார்க்ஷயர்ச் சாலைகளில் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் நடந்தது. பன்னிரண்டு மணிக்குள் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ஆண்கள் தொண்ணூற்றொன்பது பேரை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, பிறகு பெண்களை அனுப்பினார்கள். ஆண்களின் வரிசையில் கடைசியாகப் புறப்பட்டவர் மைக் மக்னமாரா; அவரும் அன்று சாமானியமாக ஓட்டவில்லை, ஆண்களின் தேசியச் சாதனையையே முறியடிக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். முன்னே போன ஆண்களை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டி வந்த பர்ட்டன், இருநூற்றுச் சொச்சம் மைல் கடந்த பிறகு மக்னமாராவின் பின்சக்கரத்தை அடைந்தார். பேசாமல் முந்திவிடலாம், ஆனால் மனம் வரவில்லை. பையில் கையை விட்டு அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். மக்னமாராவும் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அம்மாள் மேலே சென்றுவிட்டார். முடிவில் மக்னமாரா கடந்தது 276.52 மைல், ஆண்களின் புதிய சாதனை. பர்ட்டன் கடந்தது 277.25 மைல். பெண்ணின் தூரம் ஆணின் தூரத்தைவிட முக்கால் மைல் அதிகம்! அதைத் தாண்ட ஆண்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பெண்களுக்கு ஐம்பது வருஷம் பிடித்தது.

மிட்டாய் கொடுத்ததை வைத்து இவரை மிருது சுபாவம் உள்ளவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1976-இல் தேசியச் சாலைப் பந்தயத்தில் தம் சொந்த மகள் டெனிஸ் தம்மை வென்றபோது, மேடையில் மகளுடைய கையைக் குலுக்க மறுத்தவரும் இவரே. இப்படிப்பட்டவர் சாலையில் இரண்டு உலகப் பட்டங்களும், ஓடுதளத் துரத்தலில் ஐந்து உலகப் பட்டங்களும் பெற்றார். ஆனால் எந்தக் கலையில் அவருக்கு ஒப்பார் மிக்கார் இல்லையோ, அந்தக் கலைக்கு உலகப் பட்டம் என்பதே அவர் காலத்தில் இல்லை. நீதி என்பதைப் பற்றிப் பெரிதாகப் பேச நான் விரும்பவில்லை. சங்கீத வித்துவான் ஒருவரை ஆயுள் முழுவதும் தாளத்துக்காக மட்டும் கௌரவித்தது போல இருக்கிறது இது.

1987-இல் பெண்களுக்குக் குழுவாக ஓடும் காலப் பந்தயத்தில் உலகப் பட்டம் வந்தது. நால்வர் சேர்ந்து ஓட வேண்டும். தனியாக ஓடுவதற்கான பட்டம் 1994-இல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சமயத்தில் ஏற்பட்டது. அப்போது பர்ட்டனுக்கு ஐம்பத்தேழு வயது. 1996 மே 5-ஆம் தேதி, தம் பிறந்தநாள் விருந்துக்கு அழைப்புக் கொடுப்பதற்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, இருதயம் நின்று சாலையிலேயே உயிர் நீத்தார். மூன்று மாதம் கழித்து, அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களின் காலப் பந்தயம் முதல் முறையாக நடந்தது. ருஷ்யாவின் ஸுல்பியா ஸபிரோவா தங்கம் பெற்றார்.

பட்டம் வந்த பிறகு நடந்தவை பெரும்பாலும் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்தவையே. பிரான்ஸின் ஜானி லோங்கோ 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று முறையும், பிறகு 2001-இல் நாற்பத்திரண்டாம் வயதில் ஒரு முறையும் வென்றார். முதல் வெற்றி கொலம்பியாவின் துயிதாமாவில், சுமார் இரண்டாயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் மலைக்காற்றில் கிடைத்தது. உணவை வெறுக்கும் வியாதியால் எலும்பும் தோலுமாகிப் பந்தயத்தையே விட்டுப்போன ஹாலந்தின் லியோன்டின் வான் மோர்ஸல், உடல் தேறித் திரும்பி 1998-இலும் 1999-இலும் பட்டம் பெற்றார். ஆனால் என் மனத்தில் தங்கியிருப்பவர் லிண்டா வில்லும்ஸன். டென்மார்க்கில் பிறந்து பின்னாளில் நியூஸிலாந்துக்காக ஓடிய இவர், 2009 முதல் 2013 வரை ஐந்து வருஷமும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்து மேடையின் ஓரத்தில் நின்றார். ஆறாவது முறை மேடை ஏறியது 2015-இல், அமெரிக்காவின் ரிச்மண்டில். நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஓட்டி, இரண்டரை விநாடி வித்தியாசத்தில் அன்று நடுவில் நின்றார். இரண்டரை விநாடி என்பது ஒரு வளைவில் கொஞ்சம் அதிகமாகப் பிரேக் பிடித்தால் போய்விடுகிற காலம்.

தூர விஷயத்திலும் ஒரு பாகுபாடு நெடுநாள் இருந்தது: பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த தூரமே வைப்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டி ஆண்களைத் தாண்டிய பெண்மணி இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ! 2022-இல் ஆஸ்திரேலியாவின் வல்லங்காங் நகரில்தான் இரு பாலாருக்கும் ஒரே தூரம், 34.2 கிலோமீட்டர், முதல் முறையாக வைத்தார்கள். ஹாலந்தின் எல்லன் வான் டைக் அதில் ஜயித்தார். 2025-இல் உலகப் போட்டி ஆப்பிரிக்காவில் முதல் தடவையாக, ருவாண்டாவின் கிகாலியில் நடந்தபோது, குன்றுகள் நிறைந்த அந்த நகரத்தின் வீதிகளில் ஜனங்கள் திரண்டு நின்று ஆரவாரிக்க, சுவிட்ஸர்லாந்தின் மார்லென் ராய்ஸ்ஸர் பட்டம் பெற்றார்.

இங்கிலாந்தில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடியலில், பெருஞ்சாலைகளின் ஓரத்து ஒதுக்கிடங்களில் சைக்கிள்காரர்கள் கூடுகிறார்கள். கறுப்பு உடை விதி போய்விட்டது. பெண்களும் ஆண்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பின்னால் நின்று ஆசனத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து, நான்கு, மூன்று என்று விரல் மடக்குகிறார். அவர்கள் கையிலிருக்கும் காகிதத்தில் ஊரின் பெயர் இன்னும் இல்லை. ஓர் எழுத்தும் சில எண்களுமே இருக்கின்றன.