கருநுனி ஊசித்தட்டான்

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் காவிரிக் கரையையே வாழிடமாகக் கொண்ட ஊசித்தட்டான் இனம். அறிவியல் பெயர் டிஸ்பாரோநியூரா அபிகாலிஸ். இந்தியத் தும்பிகளை விரிவாக ஆராய்ந்த படை மருத்துவர் எப். சி. பிரேசர் 1924இல் இதை விவரித்தார். இறகு நுனியில் கருந்திட்டு இருக்கும். நெருங்கிய உறவினம் ஒன்றில் கரும்பட்டை நுனியைத் தொடாமல் உள்தள்ளியே நிற்கும். களத்தில் இரண்டையும் பிரித்தறிய இந்த வேறுபாடு உதவும்.

முட்டையிலிருந்து வரும் இளவுயிரி நீருக்கடியில் வளர்கிறது. தலைக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டி இரையைக் கவ்வும்; வால்நுனியில் உள்ள மூன்று செவுள் இதழ்கள் சுவாசத்துக்கு உதவும். சாயக்கழிவும் பூச்சிக்கொல்லியும் கலந்த நீர் முதலில் பாதிப்பது இப்பருவத்தைத்தான்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது 'அழிவாய்ப்புள்ள இனம்'. கரையோர மரம், புதர்களை வெட்டாமல் காப்பதே முதன்மையான பாதுகாப்பு. ஆற்றோரத்தைக் கற்சுவராக்கும் 'அழகுபடுத்தல்' இதற்குப் பெருங்கேடு.

எல்லா ஆறுகளும் இந்த இனத்துக்கு ஏற்றவை அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தின் வெள்ளாறு, அக்னியாறு போன்றவை மழைக்காலத்தில் மட்டுமே ஓடுபவை. அங்கே கண்மாய்களில் பறப்பவை தேங்குநீரிலும் வளரும் வேறு தட்டான்கள். இந்த இனத்துக்கோ ஓடும் நீர் வேண்டும்.