பனிக்கட்டி வீதியும் இறப்பரும்: பழைய மாணவன் ஒருவனுக்குப் பதில்



போன கிழமை கனடாவிலிருந்து என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். ரொறன்ரோப் பக்கம், இரவில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. "சேர், குளிர்காலத்துக்கு வேற டயர் போடச் சொல்றாங்க. நாலும் வாங்கினா ஊருக்கு அனுப்புற காசிலதான் கைவைக்கணும். இருக்கிற டயர் தேயவே இல்ல. அதோட ஓடினா என்ன?"

நம் பிள்ளைகள் பலர் இப்போது குளிர் நாடுகளில் வாகனம் ஓட்டுவதால், பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

புல்மோட்டையில் நமக்குப் பழக்கமானது மணல். அரிசிமலைக் கரையில் வாகனம் புதைந்தால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவோம். டயர் பரந்து மணலுக்கு மேல் வந்துவிடும். ஐஸ் வீதியில் அந்தப் புத்தி உதவாது. ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். உராய்வைக் கெடுப்பது அதுதான். கடுங்குளிரில் இருக்கும் ஐஸை விட, பூச்சியம் பாகையை ஒட்டி உருகத் தொடங்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். அங்கே பிடி கிடைப்பது டயரின் இறப்பர் எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இது இறப்பரின் பழைய நோய். 1830களில் அமெரிக்காவில் விற்ற இறப்பர்ச் சாமான்கள் கோடையில் பசைபோல ஒட்டின, குளிரில் கட்டையாக இறுகின. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி அதற்கு மருந்து கண்டார். ஆனால் நோய் முழுதாகப் போகவில்லை. கோடைக்குச் செய்த டயர் இன்றும் சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே ஆண்டு ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் வளர்ந்த பிறகுதான் உலகத்தின் கார்களுக்கு டயர் தாராளமாகக் கிடைத்தது. குளிர்கால டயரிலும் இயற்கை இறப்பர் கூடுதலாகவே சேர்க்கப்படுகிறது, குளிரில் இறுகாமல் இருப்பதற்காக.

அந்த டயரை முதலில் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். நாம் எல்லோரும் நொக்கியா போன் வைத்திருந்தோமே, அந்தப் பெயருடைய ஊரில் ஓர் இறப்பர்த் தொழிற்சாலை இருந்தது. 1934இல் அது லொறிகளுக்கென உலகின் முதல் குளிர்கால டயரைச் செய்தது. 1936இல் கார்களுக்கான ஹக்கபெலிட்டா வந்தது. 1967இல் அந்தத் தொழிற்சாலையும் நொக்கியாக் கொம்பனியும் ஒன்றாயின. போன் பிறகு வந்த கதை.

ஆழமான தவாளிப்புகள் ஸ்னோவைக் கவ்வின. ஐஸுக்கு அது போதவில்லை. 1961இல் அதே தொழிற்சாலை டயரில் உலோக ஆணிகளைப் பதித்தது. ஐஸில் நல்ல பிடி கிடைத்தது. ஆனால் ஸ்னோ இல்லாத நாட்களில் ஆணிகள் தாரைச் சுரண்டித் தூசியாக்கின. ஜப்பானின் செண்டாய் நகரம் அந்தத் தூசியால் பட்ட பாடு பெரியது. 1990இல் ஜப்பான் ஆணி டயருக்கு எதிராகச் சட்டம் போட்டது. அதற்கு முன்பே, 1988இல், பிரிட்ஜ்ஸ்டோன் கொம்பனி நுண்துளைகள் உள்ள மென்மையான இறப்பரில் பிளிசாக் டயரை இறக்கியிருந்தது. அந்தத் துளைகள் நீர்ப்படலத்தை உறிஞ்ச, இறப்பர் ஐஸைத் தொடும். ஆணி செய்த வேலையில் பெரும்பங்கை இறப்பரே செய்யத் தொடங்கியது.

இனி உனக்கு, மகன்.

டயர் தேயவில்லை என்கிறாய். உன் டயரின் தவாளிப்பு நல்லதாக இருக்கலாம். அந்தக் குளிரில் இறப்பர் இறுகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும்.

வாங்கும்போது டயரின் பக்கத்தில் மூன்று சிகர மலைக்குள் ஸ்னோப் பூ உள்ள அடையாளத்தைப் பார். ஸ்னோவில் சோதித்த டயருக்குத்தான் அது கிடைக்கும். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. நாலு சக்கரத்துக்கும் போடு. முன்னுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பழைய டயர் வாங்கினால் தவாளிப்பு 4 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கவேண்டும்.

கியூபெக் மாகாணம் 2008இல் இதைச் சட்டமாக்கியது. உன் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கொம்பனிகள் கழிவு கொடுக்கவேண்டும். கேட்டு வாங்கு. குளிர்காலத்தில் கோடை டயர் ஓய்வெடுக்கும், அதனால் அதுவும் கூடுதல் காலம் உழைக்கும். கணக்குப் பார்த்தால் நீ பயந்த அளவு நட்டமில்லை.

இரண்டு மாதம் காசு குறைந்து வந்தால் உன் உம்மா சமாளிப்பார். நானே வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன். நீ டயரை மாற்று.

வெளிநாட்டில் வாகனம் ஓட்டும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.